கிரீஸுக்கு யார் காசு தருவது?

ஊரில் டிராக்டர் வாங்கப் பணம் அனுப்பியவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பார்கள். ஜீப் வாங்க அனுப்பியவர்களும் உண்டு. கொஞ்சம் வசதியானவர்கள் தோப்பைச் சுற்றிவர நாலு சக்கர ஏ.டி.வி. கூட வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். சரி, கிரீஸ் வாங்கப் பணம் அனுப்பியவர் யாராவது உண்டா? ஏர் ஃபில்டர் வாங்க? ரேடியேட்டருக்குக் கூலன்ட் வாங்க?

கேள்வி அல்பமாகத் தெரியலாம். "அதெல்லாம் அவங்களே பாத்துப்பாங்க சார், அதுக்குமா நாம?" என்றுதான் பதில் வரும். என் கருத்து வேறு. வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவரிடம் அதற்கான காசும் இல்லை, அதிகாரமும் இல்லை. இரண்டும் உள்ளவர் பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார். வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய வண்டிகள் ஊரில் சீக்கிரம் வீணாவதற்கு இந்த ஏற்பாடுதான் முக்கியக் காரணம் என்பது என் கட்சி. வண்டியையும் டிரைவரையும் திட்டுவது அப்புறம்.

நான் மெக்கானிக் இல்லை. வேலூரில் பி.காம். படித்துவிட்டு வங்கி வேலைக்கு வந்தவன். இப்போது நியூசிலாந்தில் ஹாமில்டன் நகரில் ஒரு வங்கியில் விவசாயக் கடன்களைப் பார்க்கிறேன். சுற்றிலும் வைகாட்டோ வட்டாரத்துப் பால் பண்ணைகள். இங்கே பண்ணை என்று இருந்தால் குவாட் பைக் என்று ஒன்று கட்டாயம் இருக்கும். கடன் கேட்டவரின் பண்ணைக்குப் போனால் மாட்டை எண்ணுவதோடு வண்டிகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவது தொழில் பழக்கம். வண்டியைப் பார்த்தால் ஆளைத் தெரிந்துவிடும் என்று எங்கள் தொழிலில் சொல்வதுண்டு. முழுக்க உண்மை இல்லை, பாதி உண்மை.

சொந்த ஊர் பங்காருபாளையம் பக்கம். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் சாலையில் சித்தூருக்கும் பலமநேருக்கும் நடுவில் வரும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. 1911ல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை எங்கள் பக்கமெல்லாம் வட ஆற்காடு மாவட்டம்தான். அதனால் ஊரில் பாதிப் பேருக்கு வேலூரில் ஒரு அத்தை வீடு இருக்கும். :-)

ஏ.டி.வி. என்றால் என்ன என்று முதலில் முடித்துவிடுவோம். எந்த நிலத்திலும் ஓடக்கூடிய வண்டி. 1970ல் ஹோண்டா மூன்று பலூன் டயர் வைத்து அமெரிக்காவில் ஒன்றை விற்க ஆரம்பித்தது. 1980களின் தொடக்கத்தில் சுசூகி நாலு சக்கரத்தில் கொண்டு வந்தது. மூன்று சக்கரம் அடிக்கடி கவிழ்ந்ததால், 1988ல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட ஒப்பந்தப்படி அதன் விற்பனை அங்கே நின்றது. நம் நாட்டில் பெரும்பாலானவர்கள் இதைப் பார்த்திருப்பது கடற்கரையிலும் ரிசார்ட்டுகளிலும்தான், பத்து நிமிஷத்துக்கு இவ்வளவு என்று. 2020ல் போலாரிஸ் நிறுவனம் தன் ஸ்போர்ட்ஸ்மேன் 570 வண்டியை இந்தியாவில் சாலையில் ஓட்டும்படி பதிவு செய்ய வழி கண்டது. எந்த வகையில் தெரியுமா? டிராக்டர் என்று!

அரசாங்கப் பதிவேட்டிலேயே ஏ.டி.வி. டிராக்டர் ஆகும்போது, நான் எங்கள் ஊர் டிராக்டரை ஏ.டி.வி. என்று சொன்னால் யாரும் கோபிக்கக் கூடாது. மாந்தோப்பின் மேடு பள்ளம், ஓடைக்கரை, உழவு, மருந்தடிப்பு, அப்புறம் டிரெய்லரில் நாலு டன் காயோடு தார் ரோடு. எல்லா நிலத்திலும் ஓடுவது அதுதான். கீழே சொல்லப்போகிற பராமரிப்பு விஷயங்கள் குவாட் பைக்குக்கும் டிராக்டருக்கும் பெரும்பாலும் பொது. வித்தியாசம் வரும் இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் ஏன் இது இவ்வளவு முக்கியம்? பங்காருபாளையம் மார்க்கெட் யார்டு மாங்காய்க்குப் பேர் போனது. பெரும்பகுதி தோத்தாபுரி. (கிருஷ்ணகிரிக்காரர்கள் பெங்களூரா என்பார்கள். மூக்கு இருக்கிற காய்.) காய் பறித்தால் நேராக யார்டுக்கோ, சித்தூரைச் சுற்றியிருக்கும் மாம்பழக்கூழ் ஆலைகளுக்கோ போக வேண்டும். வருஷத்தில் இரண்டு மாதம் சீசன். அந்த இரண்டு மாதத்தில் வண்டி நின்றால் வாடகைக்கு வேறு வண்டி கிடைக்காது. எல்லார் வண்டியும் அப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கும்.

2025 சீசன் ஞாபகம் இருக்கும். விலை விழுந்தது. ஆந்திர அரசு தோத்தாபுரிக்குக் கிலோ 12 ரூபாய் என்று அறிவித்தது. ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு மானியம் 4 ரூபாய். அந்த எட்டு ரூபாயே கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் குறை சொன்னார்கள். ஆலை வாசல்களில் டிராக்டர்கள் வரிசை கட்டி நாள் கணக்கில் நின்றன. ஜூலையில் முன்னாள் முதல்வர் ஜெகன் மோகன் ரெட்டி எங்கள் யார்டுக்கே வந்து போனார், டி.வி.யில் ஊர்ப் பெயர் அடிபட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு டன் காய், கிலோ 8 ரூபாய் என்றால் ஒரு லோடு 32,000 ரூபாய். பறிக்கிற கூலி, மருந்துச் செலவு, டீசல் எல்லாம் அதற்குள். அந்த லோடோடு வண்டி நடுவழியில் இரண்டு நாள் நின்றால் காய் கனிந்து கொழகொழத்துவிடும். நல்ல விலை கிடைக்கிற வருஷத்தில் ஒரு லோடு போனால் தாங்கலாம். விலை விழுந்த வருஷத்தில் தாங்காது.

இனி வேலைகளுக்கு வருவோம். இதில் எதுவும் ராக்கெட் சமாச்சாரம் இல்லை.

1. காற்று. இன்ஜின் டீசலைவிட எத்தனையோ மடங்கு காற்றைக் குடிக்கிறது. கோடையில் உழும்போது அந்தக் காற்றில் பாதி எங்கள் ஊர்ச் செம்மண் என்று தோன்றும். ஃபில்டர் வழியாகத் தப்பிப் போன மண், உள்ளே பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஆயில் குடிக்க ஆரம்பிக்கும், புகை வரும், கடைசியில் 'இன்ஜின் வேலை' என்று பெரிய பில் வரும். பழைய டிராக்டர்களில் ஃபில்டருக்கு அடியில் ஆயில் கிண்ணம் இருக்கும். புழுதிக் காலத்தில் தினமும் திறந்து பார்க்க வேண்டும். அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டிக் கழுவி, குறி போட்ட அளவுக்குப் புது ஆயில். குறிக்கு மேல் ஊற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சும். புது வண்டிகளில் காகித ஃபில்டர். அதை டயரில் அடித்துத் தட்டுவது நம் ஊர் வழக்கம். அடித்தால் மடிப்பு கிழியும், கிழிந்த ஃபில்டரும் இல்லாத ஃபில்டரும் ஒன்றுதான். குவாட்களில் பெரும்பாலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர். சோப்புத் தண்ணீரில் பிழியாமல் அமுக்கிக் கழுவி, நன்றாகக் காய வைத்து, ஃபில்டர் ஆயில் தடவி மாட்ட வேண்டும். உலர்ந்த ஸ்பாஞ்ச் பொடி மண்ணைத் தடுக்காது.

2. ஆயில். சமதரையில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பிறகு கம்பியை உருவிப் பார்ப்பது. அளவு குறைந்திருந்தால் எல்லாருக்கும் புரியும். அளவு கூடியிருந்தால் அதுதான் ஆபத்து, டீசலோ தண்ணீரோ உள்ளே இறங்குகிறது என்று அர்த்தம். பால் கலந்த காபி மாதிரி நிறம் வந்தால் தண்ணீர். அப்போது வண்டியை எடுக்கவே கூடாது. ஆயில் மாற்றுவது மாதக் கணக்கில் இல்லை, ஓடிய மணிக் கணக்கில். பல டிராக்டர்களுக்கு 250 மணி நேரம் என்று கையேட்டில் இருக்கும், சிலவற்றுக்கு அதைவிட அதிகம். உங்கள் வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். அந்தக் கையேடு இப்போது வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், சுவாரஸ்யமான பதில் வரும்.

3. தண்ணீர். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாத டிராக்டர் எங்கள் பக்கத்தில் அபூர்வம். உப்புத் தண்ணீர். பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்களுக்குள்ளும் படியும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றுவதுதான் சரி. வெளிப்பக்கம் மாம்பூவும் சருகும் வைக்கோல் தூசியும் ரேடியேட்டர் கண்களை அடைக்கும். மெல்லிய பிரஷ்ஷும் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் போதும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் வருஷா வருஷம் யாராவது முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

4. கிரீஸ். முன் அச்சு, ஸ்டீயரிங் மூட்டுகள், பின்னால் ஏற்றி இறக்கும் கைகள், எங்கெல்லாம் நிப்பிள் இருக்கிறதோ அங்கெல்லாம். முதலில் துணியால் நிப்பிளைத் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடித்தால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறோம். பழைய கறுப்பு கிரீஸ் வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். சேற்றில் இறங்கின நாள் சாயங்காலமே அடித்துவிட்டால் உள்ளே போன தண்ணீரும் வெளியே வந்துவிடும்.

5. டயர். இதில் குவாட் வேறு ஜாதி. காருக்கு 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் அடிக்கிறோம். பல குவாட்களுக்கு 3 முதல் 7 வரைதான். பெட்ரோல் பங்க் மீட்டரில் அந்த அளவைச் சரியாகப் பார்க்கவே முடியாது, சின்ன அளவு காட்டும் தனி கேஜ் வேண்டும். இடது வலது டயருக்கு இரண்டு பி.எஸ்.ஐ. வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சரிவில் அது கவிழ்வதற்கான முதல் படி. குவாட்களில் இன்னொன்று. பலவற்றில் கியர் பெட்டிக்குப் பதிலாக ரப்பர் பெல்ட் ஓடுகிறது. சுமை இழுக்கும்போது லோ கியரில் போட வேண்டும், ஹையில் வைத்து இழுத்தால் பெல்ட் கருகும்.

6. பிரேக். டிராக்டரில் வலது காலுக்கு இரண்டு பிரேக் மிதிகள், இடது சக்கரத்துக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வயலில் குறுகலாகத் திரும்ப அது வசதி. ரோட்டுக்கு வந்ததும் இரண்டையும் சேர்த்துக் கொக்கி மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே அளவு கீழே இறங்குகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய வேண்டும். ஒன்று முன்னே பிடித்து ஒன்று பின்னே பிடித்தால், பின்னாலிருந்து நாலு டன் டிரெய்லர் தள்ள, வண்டி குறுக்கே மடங்கும்.

7. டீசலும் பேட்டரியும். வேலை முடிந்து சாயங்காலமே டாங்கை நிரப்பி வைத்தால் இரவுக் குளிரில் உள்ளே ஈரம் கட்டுவது குறையும். ஃபில்டருக்குக் கீழே சேரும் தண்ணீரை அவ்வப்போது திருகி விட வேண்டும். பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளைப் பொடியைச் சுடுதண்ணீர் ஊற்றித் துடைத்து வாசலின் தடவ வேண்டும். சீசன் முடிந்து நிறுத்தி வைக்கிற வண்டிக்கு பேட்டரி வயரைக் கழற்றி வைப்பது நல்லது.

அவ்வளவுதான். தினசரி வேலை பத்து நிமிஷம். இதில் ஒன்றுகூடத் தெரியாத டிரைவரை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. அங்கே இருக்கிற மெக்கானிக்குகள் கெட்டிக்காரர்கள், இங்கே முழுசாகத் தூக்கிப் போட்டு மாற்றுகிற பாகத்தை அவர்கள் பிரித்து உயிர் கொடுப்பார்கள். ஆக, அறிவுப் பஞ்சம் கிடையாது. அப்புறம் ஏன் நடப்பதில்லை?

எங்கள் உறவில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டிராக்டர் வாங்கப் பணம் கொடுத்தவர் வெளிநாட்டில். ஊரில் பார்த்துக்கொள்பவர் அவர் தம்பி. ஓட்டுவது சம்பளத்துக்கு ஒரு டிரைவர். சீசன் ஆரம்பத்திலேயே டிரைவர் சொன்னார், "அண்ணா, பிரேக் ஒரு பக்கம் இழுக்குது. ஆயில் சீல் போயிருக்கும்." தம்பி, "இந்த லோடு போகட்டும்பா, பாத்துக்கலாம்." பத்து நாள் கழித்து மறுபடி சொன்னார். அதே பதில். மூன்றாவது முறை சொல்லவில்லை. சொன்னால், "வேலை செய்ய மனசில்லையா?" என்று வரும். ஒரு நாள் இறக்கத்தில் வண்டி குறுக்கே மடங்கி டிரெய்லர் கவிழ்ந்தது. காய் போனது பெரிதில்லை. டிரைவருக்குத் தொடை எலும்பு முறிந்து ஒரு வருஷம் படுக்கை. இரண்டு பெண் குழந்தைகள் அந்த வீட்டில்.

வெளிநாட்டு அண்ணன் கெட்டவர் இல்லை. தகவல் வந்த அன்றே ஆஸ்பத்திரிக்கும் வண்டிக்கும் லட்சக் கணக்கில் அனுப்பினார். கவனியுங்கள், உடைந்த பிறகு பணம் ஒரே நாளில் வந்துவிட்டது. சீல் மாற்ற வேண்டிய பணம் மட்டும் வரவே இல்லை. ஏனென்றால் யாரும் கேட்கவே இல்லை. தம்பியிடம் பிறகு பேசியபோது அவர் சொன்னது இதுதான். "ஆயிரம் ரெண்டாயிரத்துக்கெல்லாம் அண்ணனுக்குப் போன் போட முடியுமா? அவரு ஏற்கெனவே அவ்ளோ பண்ணியிருக்காரு. அண்ணி என்ன நினைப்பாங்க?"

இந்த வார்த்தைகளில் எல்லாம் இருக்கிறது. தம்பிக்கு மானம் இருக்கிறது. வாங்கிக் கொடுத்தவரிடம் திரும்பத் திரும்பக் கை நீட்டக் கூச்சம். சின்னத் தொகை என்றால் கூச்சம் இன்னும் அதிகம். வண்டி உடைந்துவிட்டால் கூச்சம் போய்விடும், அது விபத்து, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். ஆக வண்டி உடையும் வரை எல்லாரும் நாகரிகமாகக் காத்திருக்கிறார்கள். டிரைவரின் காலைப் பணயமாக வைத்து.

சம்பவம் நடந்த இடம் மொகிலி கணவாயிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. 2024 செப்டம்பரில் அரசுப் பேருந்தும் லாரியும் மோதிப் பலர் இறந்தார்களே, அந்தக் கணவாய். அந்த விபத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. அந்த மாதிரி ரோட்டில் பிரேக் 'அப்புறம் பாத்துக்கலாம்' லிஸ்டில் இருக்கக் கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். காமர்ஸ் படித்தவர்களுக்கு முதல் வருஷப் பாடம், மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு. டிராக்டர் வாங்குவது முதல் வகை. கிரீஸ், ஆயில், சீல் இரண்டாம் வகை. வெளிநாட்டுக் குடும்பங்களின் மனக்கணக்கில் முதல் வகை மட்டும்தான் ஏறும். "தம்பிக்கு டிராக்டர் வாங்கிக் கொடுத்தேன்" என்று கல்யாண வீட்டில் சொல்லலாம். "தம்பிக்கு ஏர் ஃபில்டர் வாங்கிக் கொடுத்தேன்" என்று சொன்னால் சிரிப்பார்கள்.

ஆனால் இரண்டாவது செலவுதான் முதல் செலவின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒரு உதாரணக் கணக்கு. வண்டி 8 லட்சம். கடைசியில் விற்றால் 1 லட்சம் என்று வையுங்கள். பத்து வருஷம் உழைத்தால் வருஷத் தேய்மானம் 70,000 ரூபாய். கவனிக்காமல் ஏழு வருஷத்தில் ஓய்ந்தால் 1,00,000 ரூபாய். வித்தியாசம் வருஷத்துக்கு 30,000. ஆயில், ஃபில்டர், கிரீஸ், கூலன்ட், சீல் என்று ஒழுங்காகச் செய்தால் ஆகும் செலவில் பெரும்பகுதி இந்தப் பணத்திலேயே அடங்கிவிடும். சீசனில் நின்று போகிற நாட்களின் நஷ்டத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை. அனுப்ப மனம் வராத அந்தப் பணத்தை நீங்கள் எப்படியும் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள், பில் மட்டும் கடைசியில் மொத்தமாக வருகிறது.

அரசாங்கமும் வங்கிகளும் மட்டும் யோக்கியமா என்று கேட்டால், அங்கேயும் வாங்குவதற்குத்தான் மரியாதை. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மேல் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதம் ஆனது. டிராக்டர் டயருக்கும் பல உதிரி பாகங்களுக்கும் 18லிருந்து 5. நல்ல விஷயம். இன்ஜின் ஆயில் அந்தச் சலுகையில் சேரவில்லை, அது 18லேயே நின்றது. வாங்குகிற அன்று சந்தோஷம், ஓட்டுகிற அன்று பழைய விலை.

வங்கிகள் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 1998ல் வந்த கிசான் கிரெடிட் கார்டு திட்டத்தை 2012ல் திருத்தியபோது, பயிர்க் கடன் வரம்பைக் கணக்கிடும் முறையில், பண்ணைச் சொத்துக்களின் ரிப்பேருக்கும் பராமரிப்புக்கும் என்று மேலே 20 சதவீதம் சேர்க்கச் சொன்னார்கள். அதாவது பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்று திட்டம் எழுதியவருக்குத் தோன்றியிருக்கிறது. கார்டு வைத்திருக்கும் எத்தனை பேர் அந்தப் பகுதியை வண்டிக்காகத் தனியே ஒதுக்குகிறார்கள்? உரத்திலும் வீட்டுச் செலவிலும் கரைந்துவிடும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தனியாக ஒதுக்காத பணம் எங்கேயும் தங்காது.

இங்கே நியூசிலாந்தில் எல்லாரும் புத்தகத்தில் இருக்கிற மாதிரி வண்டி வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வழுக்கை டயரும், பிரேக்கே பிடிக்காத குவாட்டும் இங்கேயும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் கண்ணில் பட்டது. இங்கே ஷேர்மில்கர் என்று ஒரு ஏற்பாடு உண்டு. நிலம் ஒருவருடையது. மாடும் வண்டிகளும் பால் கறப்பவருடையது, பால் வருமானத்தில் பங்கு. அப்படிப்பட்டவரின் குவாட் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அவர் வண்டி, அவர் காசு, அவர் கால். வாரச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் ஓட்டும் முதலாளியின் குவாட் பல இடங்களில் பரிதாபமாக இருக்கும். எங்கள் ஊருக்கும் இந்த ஊருக்கும் இதில் பேதமே இல்லை.

அதிலும் சில பண்ணைகளில் சம்பளக்காரர் ஓட்டும் வண்டி பளிச்சென்று இருக்கும். விசாரித்தால் காரணம் எளிது. ஊர்க் கடையில் பண்ணை பேரில் கணக்கு இருக்கும். தேவையான சின்ன பாகத்தை வேலைக்காரரே கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். முதலாளியைக் கேட்கவே வேண்டாம். மாதக் கடைசியில் அவர் மொத்தத்தைப் பார்ப்பார், அவ்வளவுதான்.

இதற்கு நம் பாடப் புத்தகத்திலேயே பெயர் உண்டு. இம்ப்ரெஸ்ட் முறை. சில்லறைக் காசாளரிடம் மாத ஆரம்பத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கொடுத்துவிடுவது. செலவான அளவுக்குச் சீட்டைக் காட்டினால் திரும்ப நிரப்பித் தருவது. கையில் இருக்கும் பணமும் சீட்டுகளும் சேர்ந்து எப்போதும் அதே தொகை வர வேண்டும். பி.காம். முதல் வருஷத்தில் ஐந்து மார்க்குக்கு எழுதிய இந்த விஷயத்தைத்தான் நம் வண்டிகளுக்கு நான் சிபாரிசு செய்கிறேன்.

எப்படி? ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தம்பியிடமோ மாமாவிடமோ வண்டிக்கென்றே தனியாகக் கொடுத்துவிடுங்கள். ஒரு தனி சேமிப்புக் கணக்கு இருந்தால் இன்னும் நல்லது. ஆயில், ஃபில்டர், கிரீஸ், சீல், பெல்ட் எதுவானாலும் கேட்காமல் வாங்கலாம். பில்லைப் போனில் படம் பிடித்து அனுப்பினால் அந்தத் தொகை அடுத்த வாரம் நிரப்பப்படும். இதில் முக்கியமான நிபந்தனை உங்களுக்குத்தான். "போன மாசம்தானே கிரீஸ் வாங்கினே?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும், கதை முடிந்தது. பிறகு அவர் வாங்க மாட்டார்.

"பணத்தைச் சுருட்டினால்?" என்ற கேள்வி வரும். வரட்டும். வருஷத்தில் நாலு டப்பா கிரீஸ் பொய்க் கணக்கு என்றே வையுங்கள், என்ன போய்விடும்? கடனுக்கு வட்டியும் வாராக்கடனும் பார்த்துப் பழகியவன் சொல்கிறேன், இந்த நஷ்டம் ஒரு இன்ஜின் வேலையின் பக்கத்தில்கூட வராது. சந்தேகத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான் அதிகம்.

இரண்டாவது, ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, ஹவர் மீட்டர் எவ்வளவு காட்டுகிறது, என்ன செய்தது, எவ்வளவு ஆனது. நாலே கட்டம். ஓட்டுகிறவர் கையால் எழுத வேண்டும், எந்த மொழியானாலும் சரி. மீட்டர் ஓடாத வண்டியில் முதல் ரிப்பேர் அந்த மீட்டர்தான்.

மூன்றாவது, நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்வது. பிரேக், ஸ்டீயரிங், டயர் இந்த மூன்றில் எதையாவது டிரைவர் சரியில்லை என்று சொன்னால் அன்று வண்டி நகரக் கூடாது. அந்த நாளின் கூலியையும் பிடிக்கக் கூடாது. கூலி போகும் என்றால் எந்த டிரைவரும் வாய் திறக்க மாட்டார், அவருக்கும் அடுப்பு எரிய வேண்டும். இதை வாங்கிக் கொடுத்தவரே டிரைவரிடம் நேரில், அல்லது போனில், தம்பி கேட்கும்படி சொல்லிவிட வேண்டும். "லோடு போனா போகட்டும், நீங்க வண்டியை எடுக்காதீங்க" என்று. தம்பிக்கும் அது நிம்மதி, முடிவு அவர் தலையில் இல்லை.

நாலாவது, வருஷத்துக்கு இரண்டு பெரிய சர்வீஸ். சீசனுக்கு முன், ஏப்ரலில் ஒன்று. சீசன் முடிந்து, வண்டியை ஓரம் கட்டும் முன் ஒன்று. இதற்கான பணத்தை ஐயாயிரத்தில் சேர்க்காமல், வருஷப் பட்ஜெட்டில் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸ் மாதிரி முன்னாலேயே எழுதிவிடுங்கள்.

இதெல்லாம் டிராக்டருக்கு மட்டுமில்லை என்பது படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஊரில் வாங்கிக் கொடுத்த மோட்டார், இன்வெர்ட்டர், வீட்டு மொட்டை மாடி, எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஆனால் மொட்டை மாடி ஒழுகினால் நனைவதோடு போகும். வண்டி அப்படி இல்லை. அதன் மேல் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். பெரும்பாலும் அவர் நம் உறவுகூட இல்லை, நாம் பெயர்கூடத் தெரிந்து வைத்திருக்க மாட்டோம்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பேசும்போது "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். "நல்லா இருக்குண்ணா" என்றுதான் பதில் வரும், அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. "ஹவர் மீட்டர் எவ்வளவு காட்டுது? கடைசியா எத்தனை மணியில ஆயில் மாத்தினீங்க?" என்று கேளுங்கள். முதல் வாரம் பதில் வராது. அப்போது, "டிரைவர் பக்கத்துல இருந்தா போனை அவர்கிட்ட கொடுங்க" என்று சொல்லுங்கள்.